ஒரு படித் தவிடு

கௌரியம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் கூட்டின ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற ரோட்டில், ஊரைத் தாண்டியதும் ஒரு கரட்டை ஒட்டி ரோடு சட்டென்று இடது பக்கம் திரும்பும். திருப்பத்தில் ஒரு கெங்கையம்மன் கல். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், பள்ளத்துக்கு அந்தண்டை நாலைந்து பனைமரங்கள். எதிரே வருகிறவன் யாரென்று மூக்குக்கு நேரே வரும்வரை தெரியாது. அந்த ஒரு மைலுக்குக் கௌரியம்மாள்தான் கூலி. குழி விழுந்தால் மண் போட வேண்டும், தழை விழுந்தால் கூட்ட வேண்டும், மழை பெய்தால் தண்ணீரை வெட்டிவிட வேண்டும். அவள் புருஷன் செய்த வேலை. அவன் பாம்பு கடித்துச் செத்த பிறகு இவள் கைக்கு வந்தது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். நாற்பத்தொன்றில் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக வந்தேன். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லா. கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார்கள். எனக்குத் தெலுங்கு வராது. வராது என்பதைவிட, கற்றுக்கொள்ள மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன் என்பதுதான் உண்மை. என் பெண்டாட்டி பத்மா மூன்றே மாதத்தில் தயிர்க்காரியோடு தெலுங்கில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். நான் ஐந்து வருஷமாகியும் இரண்டு வார்த்தை தாண்டவில்லை. இந்த வீம்பு ஓர் உயிரை வாங்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கௌரியம்மாள் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வருவாள். ஜல்லி உடைக்கும்போது சில்லு தெறித்துக் கண் சிவந்தது, சம்மட்டி விழுந்து நகம் பெயர்ந்தது என்று ஏதாவது இருக்கும். மருந்து போட்டு முடித்தாலும் போக மாட்டாள். எங்கள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான். பத்மாவிடம் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவாள். எல்லாப் பேச்சும் அவள் பிள்ளை வேணுவில் போய் முடியும்.

வேணு அவளுக்கு மூன்றாவது. முன்னால் பிறந்த இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. அப்படி ஆனவர்கள் அடுத்த குழந்தையை வேறொருத்திக்கு ஒரு படித் தவிடு வாங்கிக்கொண்டு விற்றுவிடுவது வழக்கம். பேருக்குத்தான் விற்பனை. குழந்தை பெற்றவளிடமே வளரும். ஆனால் சாமிக்கும் பேய்க்கும் அது இன்னொருத்தியின் பிள்ளை. இந்த வீட்டுக் கெட்ட காலம் அதைத் தேடி வராது. கௌரியம்மாளிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

"தவுட்டுக்குப் புள்ளைய விக்கறதாம்! எம்புள்ள எம்புள்ளதான், யாருக்கும் தரமாட்டேன்னு சொல்லிட்டேங்க. மாமியாக்காரி எட்டு நாளு எங்கிட்ட பேசல" என்று சிரிப்பாள்.

அந்த வேணு, பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரிப் புகையில் ஓடிய கரி கேஸ் பஸ்ஸில் கிளீனராக இருந்து, நாற்பத்திரண்டில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்துக் கடிதப் பை கொண்டுபோகிற வேலையில் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியவன் நான்தான்.

"மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டே சக்கரமா சார்? வுழுந்துடாதா?" என்றாள்.

"ஓடிக்கொண்டிருந்தால் விழாது."

"அப்ப நிக்கவே கூடாதா?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதில் எதிலும் சமாதானமாகாமல் போனாள்.

நாற்பத்து மூன்றில் யுத்தத்துக்காக அந்த ரோட்டுக்குத் தார் போட்டார்கள். போட்ட கொஞ்ச நாளிலேயே முதல் சாவு. பட்டாளத்துப் பையன், வடக்கத்தி முகம், இருபது வயசு இருக்கும். தபால் கொண்டுபோன மோட்டார் சைக்கிள். யுத்தக் கட்டுப்பாடு என்று விளக்குக்கு மூடி போட்டு, ஒரு கீற்று வெளிச்சம்தான் விட்டிருந்தார்கள். திருப்பத்தில் ஒரு கட்டை வண்டி லாந்தர் இல்லாமல் நின்றிருக்கிறது. பையன் நேரே அதில் போய் மோதியிருக்கிறான். விடியற்காலை துடைப்பத்தோடு போன கௌரியம்மாள்தான் அவனை முதலில் பார்த்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் தார் ரோட்டில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உயிர் போய் வெகு நேரமாகியிருந்தது.

"இவங்கம்மாவுக்கு யாரு சார் கடுதாசி படிச்சிக் காட்டுவாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

மூடி போட்ட விளக்கு, லாந்தர் இல்லாத வண்டி, புதுத் தாரில் வேகம். இதில் பேய்க்கு எங்கே இடம்? ஆனால் ஊர் இடம் கண்டுபிடித்தது. அற்பாயுசில் போனவன் அந்தத் திருப்பத்தை விட்டுப் போக மாட்டான், துணைக்கு ஆள் தேடுவான் என்றார்கள். அடுத்த அமாவாசை சாயங்காலம் கௌரியம்மாள் தன் காசில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கி, குடைந்து, குங்குமமும் சுண்ணாம்பும் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, திருப்பத்து நடுரோட்டில் சுற்றி உடைத்தாள். செத்த பையனுக்காகப் பாதி, எங்கோ மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும் தன் பையனுக்காகப் பாதி. அதன் பிறகு ஓர் அமாவாசையும் அவள் விட்டதில்லை.

இரண்டாவது சாவு நாற்பத்தைந்து தை மாதம், அமாவாசைக்கு மறுநாள் காலை. நகரிப் பக்கத்து ஆள், ஜெகநாதன் என்று பெயர், மோட்டார் சைக்கிளில் போகிற சிகரெட் ஏஜெண்ட். வண்டியில் போட்டுக் கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. மண்டை உடைந்திருந்தது. சட்டை முழுக்க ஒரு சிவப்பு. ரத்தம் இருந்தது, ஆனால் ரத்தமில்லாத சிவப்பும் இருந்தது. துடைத்தால் பஞ்சில் பொடியாக வந்தது. தலைமயிரில் வெளுப்பாக, தட்டையாக, நகக் கீற்று மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சையாக ஒரு வாடை. டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என் கையை இறுக்கி, என்னைத்தான் பார்த்து, ஏதோ தெலுங்கில் சொன்னார். திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை. டாக்டருக்கும் என்னைப்போலத் தெலுங்கு வராது. எனக்குக் 'கும்மியடி, கும்மியடி' என்று கேட்டது. அரை மணியில் போய்விட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருக்கவில்லை. "கும்மியடி, கும்மியடி என்று சொல்லிக்கொண்டே செத்தான் பாவம்" என்று சாயங்காலம் வெற்றிலைக் கடையில் சொன்னேன். ரத்தமில்லாத சிவப்பையும் சேர்த்துச் சொன்னேன். என் தமிழில் சொன்னதால், தெலுங்கு தெரிந்த ஒருவரும் அந்த வார்த்தையை அதன் உருவத்தில் கேட்கவில்லை. மறுநாள் ஊர் முழுக்கச் செய்தி: திருப்பத்தில் பேய்கள் கூடிக் கும்மியடிக்கின்றன, வண்டியில் வருகிறவனை நடுவில் இழுத்துக்கொள்கின்றன.

அதற்கப்புறம் கைதட்டுகிற சத்தத்தைக் கேட்காத ஆளே இல்லை. மாடு மேய்க்கிறவர்கள் கேட்டார்கள், பஸ் டிரைவர் கேட்டார். ஒரு நாள் கண்டிகையில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு விடிகாலையில் சைக்கிளில் திரும்பியபோது நானே கேட்டேன். பனிமூட்டம். பட், பட், பட் என்று தாளம் தப்பாமல். பனை ஓலைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இறங்காமல், சைக்கிளை மிதித்த மிதியில் முழங்கால் இரண்டு நாள் வலித்தது.

பூசணிக்காய் ஒன்று ஆறாயிற்று, ஆறு பதினொன்றாயிற்று. பஸ்காரர்கள், அரிசி மில்காரர்கள், வண்டிக்காரர்கள், எல்லோரும் அமாவாசை சாயங்காலம் அங்கே வந்து உடைத்தார்கள். அப்படி உடைத்துப் போட்டதற்குக் கழிப்பு என்று பெயர். அதை யாரும் மிதிக்க மாட்டார்கள், தாண்ட மாட்டார்கள். கட்டை வண்டி ஒதுங்கிப் போகும். ஒரு இலை கிடக்க விடாத கௌரியம்மாளே அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கூட்டுவாள். அவளைக் கேட்டேன்.

"கழிப்ப தொடப்பத்தால தொட்டாக்கூட, தொட்டவங்களோட மூத்த புள்ளைக்குப் போயிடும் சார்" என்றாள். அவளுக்கு மிஞ்சியது ஒரே பிள்ளை. மூத்தவனும் அவன்தான்.

மூன்றாவது சாவு நாற்பத்தாறு ஆடி அமாவாசைக்கு மறுநாள். கண்டிகைப் பரசுராமன், நல்ல நிலபுலம் உள்ளவர், இரண்டு பெண் குழந்தைகள். பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிளை ஏலத்தில் எடுத்து, தலையில் ஜரிகைத் தலைப்பாகையோடு ஊர் ஊராகப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிணமாக வந்தபோது தலைப்பாகையை அவிழ்க்க எங்களுக்கு மனசு வரவில்லை. அதிலும் அந்தச் சிவப்பு. அதிலும் அந்த வெள்ளைக் கீற்றுகள். இந்தத் தடவை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பயம் பிடித்துவிட்டது.

அந்தப் புரட்டாசியில் வேணு பட்டாளத்திலிருந்து திரும்பினான். உயரமாக, ஒட்ட வெட்டின தலையோடு, வாய் நிறையச் சிரிப்போடு வந்தான். கையிலிருந்த பட்டாளப் பணத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். பேப்பர் ஏஜெண்ட் ஆதிகேசவனிடம் வேலை. விடிகாலை ரயிலில் வருகிற பேப்பர் கட்டுகளை எடுத்துக்கொண்டு, கண்டிகை வழியாகப் பள்ளிப்பட்டு வரை போட்டுவிட்டு வர வேண்டும். தினமும் அந்தத் திருப்பம். கௌரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேணுவுக்குப் பேய் பயம் கிடையாது. ஆனால் வண்டியில் ஏறும்போது அவனைப்போல ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கின பட்டாளத் தொப்பி ஒன்று, கெட்டியானது, வாரைத் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டாமல் கிளம்ப மாட்டான். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிடணும் சார். வளைவுக்குள்ள போயி பிரேக்க புடிச்சா ஆளு காலி. எங்க சுபேதாரு இத்த சொல்லிச் சொல்லியே எங்க உயிர வாங்கினாரு" என்பான்.

தீபாவளி அமாவாசை வந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு வேணு முழங்காலில் ரத்தத்தோடு நொண்டிக்கொண்டு வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான். "கழிப்ப மிதிக்கக் கூடாதுன்னு ஓரமா ஒடிச்சேன் சார். சக்கரம் பின்னால போயிட்ச்சி. மெதுவா வந்ததால பொழச்சேன்." தொப்பியில் ஒரு பக்கம் நீளமாகத் தேய்ந்திருந்தது.

நான் காயத்தைக் கழுவினேன். அதே சிவப்புப் பொடி. இடுக்கியால் அந்த வெள்ளைக் கீற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா காஞ்சனா, நகரிக்காரி, எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் அப்டி பாக்கறே? கும்மடி வித்து."

"என்ன?"

"கும்மடி சார். பூசணிக்காய எங்க பக்கம் கும்மடின்னுதான் சொல்லுவாங்க. அதோட வெத."

இடுக்கி கையிலிருந்து விழுந்தது. என்னைப் பார்த்து, என் கையை இறுக்கி, அந்த ஜெகநாதன் சொன்னது என்னவென்று ஒன்றே முக்கால் வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் செத்துக்கொண்டிருந்தபோதும், தன்னைக் கொன்றது எது என்று தெளிவாக, திரும்பத் திரும்ப, எனக்குச் சொன்னார். பூசணிக்காய், பூசணிக்காய் என்று சொன்னார். நான் போய்ப் பேய் கும்மியடிக்கிறது என்று ஊருக்குச் சொன்னேன். ஊர் இன்னும் பத்துப் பூசணிக்காய் கொண்டுவந்து போட்டது. அதில் பரசுராமன் விழுந்தார்.

கழிப்பைத் தாண்டக் கூடாது என்று திருப்பத்துக்குள் பிரேக் பிடிக்கிறான், அல்லது ஒடிக்கிறான். தாரில் நசுங்கின சதை. நாலு சக்கரம் தாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கரம் என்ன செய்யும்? தொப்பியும் இல்லாத தலை. அவ்வளவுதான் விஷயம். காக்க வேண்டும் என்று போட்டதுதான் கொன்றது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? முதல் காயை உடைத்தவள் அவள். சொன்னால், இரண்டு பேரை நீ கொன்றாய் என்று சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் மூன்றாவது அவள் பிள்ளை. இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் திருப்பத்துக்கே போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்த வார்த்தையைத் திரித்தவன் நான் என்று அதையும் சொன்னேன்.

கௌரியம்மாள் கூட்டுவதை நிறுத்தவில்லை. "அந்த சிகரெட்டுக்காரருக்குப் புள்ளைங்க இருந்தாங்களா சார்?" என்றாள்.

"ஒரு பையன் என்று கேள்வி."

"ஆங்" என்றாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, அம்மன் கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் தன் காயை நிறுத்தினாள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. பஸ்காரர்களிடம் போய்க் கெஞ்சினாள். மில்லுக்குப் போனாள். "நிறுத்தி, நாளைக்கு ஒருத்தன் செத்தா நீ பதில் சொல்வியா?" என்று விரட்டினார்கள். நான் போய்ச் சொன்னேன். கும்மிக் கதையை ஆரம்பித்ததே நீதானே ஐயா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

"அமாவாசைக்கு மறுநாள் மட்டும் வேணு வண்டி எடுக்காமல் இருக்கட்டும்" என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இவன் நிப்பான் சார். வர்றவன்லாம் நிப்பானா? இப்பதான் ஊருக்கு ஊரு வண்டி வந்துகினு கீதே" என்றாள். பிறகு, "வாரிக் கொட்டணும். வேற வழியில்ல" என்றாள்.

வாரிக் கொட்டினால் அது அவள் மூத்த பிள்ளைக்குப் போகும். பூசணிக்காய் வழுக்கும் என்பதை அவள் நம்பினாள். கழிப்பு ஒட்டும் என்பதையும் அதே அளவு நம்பினாள். விட்டாலும் அவன் போவான், தொட்டாலும் அவன் போவான். நான் என்ன பேசியும் அந்த இரண்டாவது நம்பிக்கையை அசைக்க முடியவில்லை.

கார்த்திகை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, தலைக்குக் குளித்துவிட்டு வேணுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். பத்மா வெளியே வந்தாள்.

"அம்மா, ஒரு படி தவுடு குடுங்க. இவன வாங்கிக்கோங்க."

வேணு சிரித்தான். நானும் வாய் சும்மா இராமல், "இருபத்திரண்டு வயசுக் கழுதையைத் தவிட்டுக்கு யாராவது வாங்குவார்களா?" என்றேன். பத்மா சிரிக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம், குழந்தை இல்லை. அவள் கௌரியம்மாள் முகத்தையே பார்த்தாள். உள்ளே போனாள். பசுமாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி, தலை தட்டாமல், கோபுரமாக அளந்து எடுத்துவந்தாள். தவிடு வழிந்து வாசலில் சிந்தியது.

கௌரியம்மாள் முந்தானையை ஏந்தி வாங்கி முடிந்துகொண்டாள். வேணுவின் கையைப் பத்மாவின் கையில் வைத்தாள். "இவன் ஒங்க புள்ள. எனக்கும் இவனுக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

"யம்மா, இன்னா வெளையாட்டு இது? யம்மா!" என்று வேணு பின்னால் ஓடினான். அவள் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் குடிசைக்குப் போனவனுக்குக் கதவு திறக்கவில்லை. நான் போய்ச் சண்டை போட்டேன். பேருக்குத்தானே விற்பது, ஊரில் எல்லாரும் விற்றுவிட்டு வீட்டில்தானே வளர்க்கிறார்கள் என்று கத்தினேன்.

"பேருக்கு வித்தா பேருக்குத்தான் சார் காப்பாத்தும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அமாவாசைக்கு மறுநாள் விடியுமுன் நானும் திருப்பத்துக்குப் போனேன். அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டேன். பனியில் பாறையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. பத்துக் காய்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்றில் கற்பூரம் எரிந்த கரி அப்படியே இருந்தது. எங்கிருந்தோ பட், பட் என்று கைதட்டல். கௌரியம்மாள் துடைப்பத்தை ஓங்கினாள், இறக்கினாள், மறுபடி ஓங்கினாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு ஒரே இழுப்பு. அதன் பிறகு நிற்கவில்லை. எல்லாவற்றையும் வாரிப் பள்ளத்தில் தள்ளினாள், மண்ணைக் கொட்டித் தேய்த்தாள். கடைசிக் கூடை மண் கொட்டும்போது ஊர்ப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். வேணு வேகத்தைக் குறைத்து, காய்ந்த மண்ணில் மெதுவாக வளைந்து போனான். சத்தம் அடங்கும்வரை அவள் திரும்பவில்லை.

இப்படி மூன்று வருஷம், ஒவ்வொரு அமாவாசையும். ஊர் உடைக்கும், அவள் வாருவாள். அந்தத் திருப்பத்தில் ஒருத்தரும் சாகவில்லை. கழிப்பைத் தொடுகிறவள் என்று ஊர் அவளிடமிருந்து ஒதுங்கியது. கிணற்றடியில் பெண்கள் தள்ளி நின்றார்கள். பள்ளத்தில் அவள் தள்ளின விதைகள் முளைத்துக் கொடியாகி மைல் கல்லை மூடிப் பாறை வரை ஏறின. காய்த்துத் தள்ளின. யார் பறிப்பார்கள்? சாம்பல் பூத்த காய்கள் தழைக்குள் தலைகளைப்போலக் கிடந்தன.

வேணு எங்கள் வீட்டில் இருந்தான். முதலில் என்னை சார் என்றான். ஒரு நாள் ஜுரத்தில் படுத்திருந்தபோது 'நைனா, தண்ணி' என்றான். அந்தப் பக்கத்தில் அப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் பிடிவாதமாகக் கற்றுக்கொள்ளாத பாஷையில் இந்த ஒரு வார்த்தை மட்டும் போதும் என்று எனக்கு அன்றைக்கு இருந்தது. பத்மா அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. என் தப்பில் இரண்டாவது சாவு பேயாயிற்று, மூன்றாவது சாவு வந்தது, கடைசியில் எனக்கு ஒரு பிள்ளை கிடைத்தான். இது என்ன நியாயம்?

நாற்பத்தொன்பது புரட்டாசியில் கௌரியம்மாளை விஷக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அமாவாசை தோறும் அவள் குடிசையில், திருப்பத்தில் செத்த மூன்று பேருக்கும் மூன்று இலை போட்டுச் சோறு வைக்கிறாள் என்று காஞ்சனா சொன்னாள்.

"சார், வாசல்ல வண்டி நிக்குதே, சத்தம் கேக்கல?" என்றாள் கௌரியம்மாள்.

"வண்டி எதுவும் இல்லை. படுத்துக்கொள்."

"மூணு பேரும் வந்து ஒக்காந்துகினு கீறாங்க. நல்ல புள்ளைங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எங்கிட்டயே இருக்கட்டும்." கொஞ்சம் கழித்து என் கையை இறுக்கிக்கொண்டாள். அந்த ஜெகநாதன் பிடித்த அதே கை. "எனக்குக் கொள்ளி அவன் வெக்கக் கூடாது சார். வெச்சா அவன் எம்புள்ளன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிடும். சத்தியம் பண்ணுங்க."

நான் சத்தியம் செய்தேன். இந்தத் தடவை ஒரு வார்த்தையும் தப்பாகக் கேட்கவில்லை. வாசலில் வேணு நின்றுகொண்டிருந்தான். அவள் பக்கம் வர அவனுக்கு அனுமதியில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

வேணு நேரே அவள் குடிசைக்குப் போனான். உறியில் துணி மூடித் தொங்கிய ஒரு சின்னப் பானையை இறக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். பானையில் தவிடு. ஒரு பிடி குறையவில்லை. மூன்று வருஷத்தில் புழு விழுந்து, வண்டு கட்டி, கறுத்துப்போயிருந்தது. ஆட்டுக்குப் போடாமல், எறியாமல், தொடாமல் அவள் வைத்திருந்தாள்.

"அம்மா, இந்தாங்க ஒங்க தவுடு" என்று பத்மாவிடம் நீட்டினான். "என்ன திருப்பிக் குடுத்துடுங்க. நான் போயி கொள்ளி வெக்கணும்."

"வாங்காதே!" என்று கத்தினேன். சத்தியத்துக்காகக் கத்தவில்லை. பயந்து கத்தினேன். பேய் இல்லை, விதைதான், சதைதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், அந்த மூன்று பேரும் என் பிள்ளையைக் கண்டுகொள்வார்கள் என்று நடுங்கினேன். கௌரியம்மாளிடம் மூன்று வருஷம் எதை வாதாடினேனோ அது எல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விட்டது.

வேணு என்னைப் பார்த்தான். "பெத்தவ அனாதையா போவணுமா நைனா?" என்றான்.

பத்மா மடியை ஏந்தினாள். அவன் தவிட்டைக் கொட்டினான். வண்டுகள் அவள் புடவையில் ஓடின. அவள் தட்டிவிடவில்லை, அழுதுகொண்டு அப்படியே நின்றாள். வேணு போய்க் கொள்ளி வைத்தான்.

ஐப்பசி அமாவாசை வந்தது. ஊர் வழக்கம்போல உடைத்தது. அந்த மைலுக்கு இன்னும் புதுக் கூலி வரவில்லை, வந்திருந்தாலும் கழிப்பைத் தொட்டிருக்க மாட்டார்கள். வேணு, தானே கொஞ்சம் முன்னால் போய்க் கூட்டிவிட்டு ஓட்டுவதாகச் சொன்னான். நான் கூடாது என்றேன். நான் கூட்டுகிறேன், எனக்குத் தடையில்லை, எனக்குத்தான் பிள்ளை இல்லையே என்றேன். தவிடு திரும்பி வந்துவிட்டதே. இனிமேல் என்னை சார் என்றே கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். அவன் தொப்பி வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனான். கொள்ளி வைத்த வாரமே அவன் கௌரியம்மாள் குடிசைக்குக் குடி போயிருந்தான்.

கௌரியம்மாளின் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். பனி. பனை ஓலை தட்டிக்கொண்டிருந்தது, ஓலைதான் என்று சொல்லிக்கொண்டேன். கொடிகள் ரோட்டோரம் வரை வந்துவிட்டிருந்தன. ஒவ்வொரு காயாக வாரிப் பள்ளத்தில் தள்ளினேன், மண்ணைக் கொட்டித் தேய்த்தேன். சதை ஈரம் வேட்டியெல்லாம் ஆயிற்று. கடைசிக் கூடைக்குக் குனிந்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. திருப்பத்துக்கு நன்றாக முன்னாலேயே அது வேகத்தைக் குறைத்தது.

"நைனா!" என்று கூப்பிட்டான்.

நான் பாறைப் பக்கம் திரும்பி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். வண்டி கொஞ்ச நேரம் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாகக் கண்டிகைப் பக்கம் போயிற்று. சத்தம் முழுசாக அடங்கின பிறகுதான் நான் துடைப்பத்தை எடுத்தேன்.